இரண்டு புசல் மொட்டைக்கறுப்பன்

அப்புத்துரை மாமா எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், கறி விழுவதற்கு முன் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசுக்கிப் பார்ப்பார். நசுங்கியதை வெளிச்சப் பக்கம் பிடித்துக் கண்ணைச் சுருக்குவார். பிறகு நாக்கில் வைப்பார். பரிமாறுகிறவர் யாரானாலும் ஒரே கேள்விதான்: "இது எந்த நெல்லு?"

கலியாண வீடு, செத்த வீடு என்ற வித்தியாசம் அவருக்கு இருக்கவில்லை. "கூப்பன் அரிசியண்ணை" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவார். முகம் சுளித்ததில்லை, மிச்சம் வைத்ததுமில்லை. ஆனாலும் விருந்து கொடுத்தவர்களுக்கு அது அவமானமாகவே பட்டது. எங்கள் கொலனியில் அவருக்குத் தவிட்டுத்துரை என்று பெயர் வைத்தார்கள். சங்கக்கடை வாசலில் அவர் சைக்கிளை நிறுத்தினால், "தவிட்டுத்துரை வாறார், அரிசியை மூடி வையுங்கோ, நசுக்கிப்போடுவார்" என்று யாராவது சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவர் ருசி பார்க்கவில்லை, எதையோ தேடுகிறார் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

ஐம்பத்துமூன்றில் வன்னியில் குளத்தைத் திருத்திக் காடு வெட்டிக் காணி கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் அவருடையதும் உண்டு; பக்கத்துப் பக்கத்துக் காணிகள். கரவெட்டியில் அவருக்கு இருந்தது மிளகாய்த் தோட்டத்தில் ஒரு மூலை. இங்கே சொந்தமாக வயல். அந்தச் சந்தோசத்தில் அவர் மனைவி இராசமலர் மாமி வண்டியிலிருந்து இறங்கியதும் மண்ணை அள்ளிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாவாம். அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

வந்த சில வருடங்களிலேயே கொலனிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. விளைந்த நெல்லைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவது, சாப்பாட்டுக்கு அரசாங்கக் கூப்பனில் வெள்ளை அரிசி வாங்குவது. சங்கம் நெல்லுக்கு நல்ல விலை கொடுத்தது. கூப்பன் அரிசியோ மலிவு. அந்த இடைவெளியில்தான் எங்களுக்குச் சட்டையும் மண்ணெண்ணெயும் சைக்கிளும் வந்தன. அதோடு வெள்ளைச் சோறு மரியாதையாகவும் இருந்தது. ஊரில் குத்தரிசி தின்றவர்கள், இங்கே மல்லிகைப்பூப் போலச் சோறு போட்டோம். வீட்டில் மிஞ்சிய கொஞ்ச நெல்லையும் மில்லில் கொடுத்துத் தீட்டினோம். தவிட்டை மாட்டுக்கு வைத்தோம். மாடுகள் பளபளவென்று இருந்தன.

மாறாமல் இருந்தது ஒன்று மட்டும்: பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். சோறும் சரக்கரைத்த குழம்பும் மட்டும். கீரை குளிர்மை, பயறு வாய்வு, பழம் ஆகாது. இந்தப் பத்தியத்தில் எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று எழுந்தவர்கள்தான். ஆனால் அப்போது அந்தச் சோறு சிவப்பாக இருந்தது, தவிடு ஒட்டியிருந்தது. பத்தியத்தை ஊரிலிருந்து அப்படியே கொண்டுவந்த நாங்கள் சோற்றை மட்டும் மாற்றிவிட்டோம். அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஐம்பத்தைந்தில் இராசமலர் மாமிக்கு முதற்பிள்ளை பிறந்தது, ஆண். மாமியின் தாய் ஊரில் படுக்கையாக இருந்ததால் பத்தியம் பார்த்தவள் என் அம்மா. மூன்றாம் மாதம் மாமிக்குக் கால் வீங்கியது. பிள்ளை பால் குடித்துக்கொண்டே மெலிந்தது. பிறகு அதன் குரல் அடைத்தது. வாய் திறந்திருக்கும், முகம் சிவக்கும், கண்ணீர் வழியும், சத்தம் வராது. பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள் என்று அம்மா சொல்வாள். காத்துக் கறுப்பு என்றார்கள். நூல் கட்டினார்கள். ஒரு விடியற்காலை பிள்ளை போய்விட்டது.

ஆசுபத்திரியில் இருந்த அப்போதிக்கரி பரமலிங்கம் மாமியின் காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அப்புத்துரை மாமாவைக் கேட்டார்.

"என்ன சாப்பிடுறவா?"

"சோறுதான் ஐயா. பத்தியம்."

"என்ன சோறு?"

"வெள்ளைச் சோறு. நல்ல சோறு."

"நல்ல சோறு!" என்றாராம் அவர். "பிள்ளையை ஒரு பேயும் பிடிக்கேல்லை. தாயின்ரை பாலிலை சத்தில்லை. அந்தச் சத்துத் தவிட்டிலை கிடக்கு. அதை நீங்கள் ஆருக்குக் குடுக்கிறியள்?"

அப்புத்துரை மாமா வீட்டுக்கு வந்து மாட்டுத் தொட்டியில் கிடந்த தவிட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அம்மா சொன்னது.

அடுத்த பிள்ளை வருவதற்குள் சிவப்பு நெல் விளைவித்துவிட வேண்டும் என்பது அவருக்கு அன்று முதல் ஒரே எண்ணமாயிற்று. அதற்கு விதை வேண்டும். கொலனியில் எல்லாரும் விவசாயத் திணைக்களம் கொடுத்த விதையையே விதைத்தார்கள். சிவப்பு விதை பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் ஹலீம் காக்காவிடம் இருந்தது.

ஹலீம் காக்காவுக்கு அங்கே ஒரு சிறு குளத்தின் கீழே வயலும் ஒரு பட்டி மாடுகளும் இருந்தன. முன்பெல்லாம் நெல் வெட்டு முடிந்ததும் கொலனி வயல்களில் அவருடைய மாடுகள் வைக்கோல்தாள் மேயும். இரவில் அங்கேயே பட்டி அடைப்பார்கள். மேய்ச்சல் அவருக்கு, சாணமும் சலமும் எங்கள் மண்ணுக்கு. அமோனியா உர மூட்டை வந்த பிறகு எங்கள் ஆட்களுக்கு அது அசிங்கமாகப் பட்டது. மாடு வரம்பை உடைக்கிறது என்று சொல்லித் துரத்தினார்கள். துரத்தாத ஒரே ஆள் அப்புத்துரை மாமா. பூவரசங்குழையும் வெட்டிப் பசளையாக வயலில் தாழ்ப்பார். "உமக்கென்ன, உரக்காசு மிச்சம் பிடிக்கிறீரோ?" என்று கேட்டால், "மண்ணும் பிள்ளைப்பெத்தவள் மாதிரித்தான், வெறும் வெள்ளையைப் போட்டால் வீங்கும்" என்பார். யாருக்கும் விளங்காது. நான் இதை எழுதும்போதுகூட அந்த ஒப்பு சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

ஐம்பத்தேழு மாசியில் மாமி மறுபடி முழுகாமல் இருந்தா. அந்த வெட்டில் விளைந்தது முழுவதும் உழவுக் கடனுக்காகச் சங்கத்துக்குப் போயிற்று. அப்போதுதான் ஹலீம் காக்கா தன் விதையில் இரண்டு புசல் மொட்டைக்கறுப்பன் இரண்டு மூட்டையாக அளந்து கொடுத்தார். அந்த நெல் ஆளுயரம் வளரும். மாரி மழையோடுதான் விதைக்கலாம், அமோனியா கேட்காது. அரிசி சிவப்பு. விதை கொடுப்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு: வாங்கியவன் அதே நெல்லை விதையாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். காசோ வேறு நெல்லோ ஆகாது. அப்படித்தான் ஒருவர் வயல் அழிந்தாலும் இன்னொருவர் வயலில் அந்த இனம் இருக்கும்.

பிள்ளை ஆவணியில் பிறந்தது, பெண். அருந்ததி என்று பெயர். பத்தியத்தை விடச் சொல்லி அப்புத்துரை மாமா மன்றாடினார். தவிட்டைக் களியாகக் கிண்டிக் கொடுக்கச் சொன்னார்.

"பிள்ளைப்பெத்தவளுக்குத் தவிடோ? அவளென்ன மாடோ?" என்றாள் அம்மா.

"அப்போதிக்கரி சொன்னவர், அக்கா."

"அப்போதிக்கரி பிள்ளை பெத்தவரோ?"

மாமியே தவிட்டைத் தொட மறுத்துவிட்டா. நாலு பேர் பார்க்க மாட்டுத்தீன் தின்னுவதா என்று அழுதா. பயற்றை மட்டும் ஒளித்துக் கொஞ்சம் தின்றா என்று பிறகு தெரிந்தது. அது போதவில்லை.

கார்த்திகை தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குழை தாழ்த்து, பட்டி அடைத்து, உழுது வைத்த வயலில் இனி விதை போடவேண்டியதுதான். அதே கிழமையில் மழை பிடித்து, ஆறு பெருகி, பாதை அடைபட்டது. அதே கிழமையில்தான் மாமியின் கால் வீங்கியது. அருந்ததியின் குரல் கம்மத் தொடங்கியது.

ஆசுபத்திரிக்குப் போக வழியில்லை. தண்ணீரூற்றுக்குப் போக வழியில்லை. கொலனி முழுவதும் தேடினாலும் கூப்பன் அரிசியைத் தவிர வேறு அரிசி இல்லை. மாட்டுத் தவிடு மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. வீட்டில் இருந்தது அந்த இரண்டு மூட்டை. விதை நெல்லில் கைவைப்பது எங்களிடையே சின்னக் காரியம் இல்லை. பட்டினி கிடந்தவர்கள்கூட விதையைத் தொடாமல் கிடந்திருக்கிறார்கள். இது அவருடைய விதையும் இல்லை.

மூன்றாம் நாள் பிள்ளை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்புத்துரை மாமா மூட்டையை அவிழ்த்தார்.

அவித்துக் காயவைக்க வெயில் இல்லை. பச்சையாகவே குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண் உலக்கை பிடிப்பதில்லை. அவர் பிடித்தார். தாளம் தப்பி உலக்கை உரலின் விளிம்பில் விழும் சத்தம் கேட்டு அம்மா மழைக்குள் ஓடினாள். உரலுக்குள் சிவப்பு அரிசி தவிட்டோடு கிடந்ததைக் கண்டாள்.

"ஐயோ, விதையெல்லே!"

"விதைதான் அக்கா. பிள்ளையைப் பாருங்கோ."

அம்மா போய்ப் பார்த்தாள். முதற்பிள்ளையின் அதே வாய், அதே சத்தமில்லாத அழுகை. திரும்பி வந்து அவர் கையிலிருந்த உலக்கையைப் பிடுங்கித் தானே குத்தத் தொடங்கினாள். அன்றிலிருந்து பத்தியம் என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை. முருங்கையிலையும் வல்லாரையும் போட்டுத் தவிட்டோடு கஞ்சி காய்ச்சி மாமிக்கு வேளைக்கு வேளை ஊற்றினாள். மாமி இந்த முறை மறுக்கவில்லை.

மழை சற்று விட்டபோது அப்போதிக்கரி வண்டி பிடித்து வந்து மாமிக்கும் பிள்ளைக்கும் ஊசி போட்டார். பிள்ளை பிழைத்தது. அதற்கு முந்தின நாளே குரல் வரத் தொடங்கிவிட்டது என்று அம்மா அடித்துச் சொல்வாள். ஊசிக்குப் பிறகுதான் வந்தது என்று மாமி சொல்வா. இந்த ஒன்றை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பட்டம் பெற்று வந்த பிறகும் கேட்டேன். கஞ்சி காப்பாற்றியிருந்தால் விதை ஒரு காரியத்துக்காகப் போயிற்று. ஊசி காப்பாற்றியிருந்தால், விதை வீணாக உரலில் குத்தப்பட்டது. அப்புத்துரை மாமாவிடம் மட்டும் நான் அதைக் கேட்கவில்லை. அவர் அதை என்னைவிட அதிகமுறை தன்னிடம் கேட்டிருப்பார்.

மாமி தேறும்வரை அதே கஞ்சிதான். மார்கழி முடிவதற்குள் இரண்டு மூட்டையும் வெறுமையாயிற்று. அந்த மார்கழியில்தான் பெருவெள்ளம் வந்தது. எங்கள் வயல்கள் கடலாகக் கிடந்தன. "பாத்தியோ அப்புத்துரை, விதைச்சிருந்தாலும் வெள்ளம் கொண்டுபோயிருக்கும். கவலைப்படாதை" என்று ஆறுதல் சொன்னார்கள். "அது வெள்ளத்தின்ரை கணக்கு, என்ரை கணக்கு வேறை" என்றார் அவர்.

தையில் பாதை காய்ந்ததும் ஹலீம் காக்கா நடந்து வந்தார். பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்திருந்த நான் அப்போது அங்கே இருந்தேன். காக்கா முற்றத்து மரக்குற்றியில் உட்கார்ந்து, சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"குளம் உடைஞ்சு போச்சுத் தம்பி. வயல் முழுக்க மணல் மேவிக் கிடக்கு. ஒரு கதிர் மிஞ்சேல்லை. நீ விதைச்சதாவது தப்பினதோ?"

"நான் விதைக்கேல்லை, காக்கா."

காக்காவின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! நல்ல காரியம் செய்தாய். அப்ப மூட்டையாக் கிடக்கு?"

அப்புத்துரை மாமா நிலத்தைப் பார்த்தார். "குத்திப்போட்டன்."

"என்ன?"

"பிள்ளைக்குக் குரல் அடைச்சுப் போச்சு, காக்கா. முதலாவது மாதிரியே. வேறை அரிசி இல்லை. குத்திப்போட்டன்."

உள்ளே அருந்ததி விழித்துக்கொண்டு ஓலமிட்டாள். காக்கா தலையைச் சரித்துக் கேட்டார்.

"உந்தக் குரலோ?"

"ஓம்."

"நல்லாத்தான் கத்துறாள்." பிறகு மாமி கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எழும்பும்போது அப்புத்துரை மாமா, "காசாத் தாறன் காக்கா, இல்லாட்டிச் சங்கத்திலை வேறை விதை வாங்கித் தாறன்" என்றார்.

"காசெண்டால் அண்டைக்கே வித்திருப்பன் தம்பி. விதைக்கு விதை. கிடைக்கிற நேரம் கொண்டு வா."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அப்புத்துரை மாமா பிழைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகு ஹலீம் காக்காவும் திணைக்கள விதையே விதைத்தார். அமோனியா கடன் வாங்கினார். மேய்க்க இடமில்லாமல் மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார். அப்புத்துரை மாமா பருக்கை நசுக்கத் தொடங்கியது அந்த வருடத்திலிருந்துதான். யாருடைய வீட்டுச் சட்டியிலாவது மொட்டைக்கறுப்பன் வெந்திருந்தால், அந்த வீட்டுப் பரணில் விதை இருக்கும் அல்லவா? அவர் நம்பிக்கை அவ்வளவுதான். முல்லைத்தீவு, கொக்கிளாய், வவுனியா, எங்கே நல்லது கெட்டது நடந்தாலும் போவார். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, அங்கே விவசாயம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பார் என்றார். கேட்டேன். இப்போது அந்த நெல்லைச் சிபாரிசு செய்வதில்லை என்றார்கள். சிபாரிசு யார் கேட்டது, விதை அல்லவா கேட்டேன் என்றார் அவர்.

அறுபத்தொன்றில் ஹலீம் காக்கா காலமானார். அப்புத்துரை மாமா வெறுங்கையோடு சனாசா அடக்கத்துக்குப் போய் வந்தார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, கரவெட்டியில் மாமியின் உறவில் ஒரு செத்த வீடு. எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவுச் சோற்றில் அவர் பருக்கையை நசுக்கினார். கை நின்றது.

"இது எந்த நெல்லு?"

வீட்டுக்காரர் ஐயாத்துரை கொதித்துவிட்டார். "செத்த வீட்டிலை வந்து அரிசி விசாரிக்கிறீரோ? வன்னியிலை போய் மரியாதையும் கெட்டுப் போச்சோ?"

"கோவிக்காதையுங்கோ. விதை கிடக்கோ?"

கிடந்தது. மழையை நம்பி விதைக்கிற மேட்டு வயலுக்கென்று கொஞ்சம் வைத்திருந்தார்கள். ஒரு கொத்து மட்டும், ஒரு சின்னப் பேணியளவு, வாங்கிக்கொண்டு வந்தார். வயலின் ஒரு மூலையில் போட்டார். மற்றவர்களின் நெல் முந்தி முற்றிவிட்டதால் வாய்க்காலைப் பூட்டச் சொன்னார்கள். இவருடைய நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. "உம்மட நாலு கதிருக்காகக் குளத்தை வத்தவிடுறதோ, தவிட்டுத்துரை?" என்றார்கள். பூட்டினார்கள். அவரும் மாமியும் கிணற்றிலிருந்து வாளியால் சுமந்து ஊற்றினார்கள். அருந்ததியும் சிறிய வாளியோடு பின்னால் நடந்தாள். இரண்டு போகம் அப்படி. அறுபத்தைந்து பங்குனியில் இரண்டு புசல் தேறியது.

சைக்கிளில் மூட்டைகளைக் கட்டித் தண்ணீரூற்றுக்கு உருட்டிக்கொண்டு போனார். ஹலீம் காக்காவின் மகன் றவூப் முற்றத்தில் புது நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். மரியாதையாக உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

"வாப்பா மௌத்தாக முந்தியே சொன்னவர் மாமா, உங்களிட்டை ஒண்டும் கேக்கக்கூடாதெண்டு. அவர் அதைப் பொறுத்திட்டார்."

"பொறுத்தது சரி தம்பி. நான் குடுக்கேல்லையே. இந்தா, விதை."

றவூப் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பப் போட்டார். "இதை நான் எங்கை விதைக்கிறது? புது நெல்லு விதைச்சால்தான் உரக்கடன் தருவினம். இதுக்கு அமோனியா போட்டால் விழுந்துபோம், போடாட்டி என்ரை மண் இப்ப ஒண்டும் தராது. சாப்பிடத் தாறியளெண்டால் வாங்கிறன். விதைக்கவெண்டால் வேண்டாம், மாமா."

அவர் அதைச் சாப்பாட்டுக்கென்று கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கடன் அங்கே ஒருவாறு முடிந்திருக்கும். மூட்டைகளை மறுபடி சைக்கிளில் கட்டினார். "விதையா வாங்கினதைச் சாப்பாடாக்கினது ஒருக்காக் காணும்" என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த காலபோகத்தில் அவர் பழைய விதையைக் கழித்து, அந்த மூலையில் மறுபடி விளைந்ததைக் கட்டி வைத்தார். றவூப்பின் மனம் மாறும், இல்லாவிட்டால் றவூப்பின் மகனாவது கேட்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம் சித்திரையில் நெருப்புக்காய்ச்சல் வந்து, மூன்று கிழமை கிடந்து இறந்துபோனார்.

அவருடைய எட்டுச் செலவுக்குக் கூப்பன் அரிசிதான் சமைத்தார்கள். அருந்ததி பரிமாறினாள். கொலனியிலேயே பெரிய குரல் அவளுக்கு. சிவப்பரிசி அவளுக்குப் பிடிக்காது, தொண்டையில் குத்துகிறதாம்.

மூட்டைகள் இரண்டும் குசினிப் பரணில் இருக்கின்றன. மாமி வெள்ளிக்கிழமைகளில் இறக்கி வெயிலில் போட்டு, வேப்பிலை மாற்றிக் கட்டுவா. காணியைக் குத்தகைக்கு எடுத்தவர் அதை விதைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு முறை றவூப்பிடம் போனேன். இரண்டு முறையும் கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். விதையை மட்டும் வாங்கவில்லை. போன கார்த்திகை விதைப்பு அப்படியே தவறியது. இந்தக் கார்த்திகையும் தவறினால், அதற்கு மேல் அந்த நெல் முளைக்காது.